யானை வேலி, முருகைக்கல், மான்: கேட்டதுக்குப் பதில்

கேள்வி இருந்தா போடுங்கோ எண்டு சும்மா சொன்னன், வந்து குவிஞ்சிட்டுது. ஏலுமானதுக்குச் சொல்றன்.

கந்தளாயில இருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கட பக்கம் யானை வேலி போட்டு நாலு வருசம், யானை பழையபடி வயலுக்க நிக்குது. வேலியால பிரயோசனம் இருக்கா?

இருக்கு தம்பி, ஆனா எங்க போட்டது, ஆர் பாக்கிறது எண்டதிலதான் எல்லாம் கிடக்கு. கனகாலமா வனஜீவராசிகள் திணைக்களத்துக் காட்டுக்கும் வன இலாகாக் காட்டுக்கும் நடுவிலதான் இந்தக் கரண்ட் வேலி போட்டவை, ரெண்டு பக்கமும் காடு, ரெண்டு பக்கமும் யானை, அப்ப அது ஆரைத் தடுக்கப் போகுது? அங்க கம்பியில கொடி படர்ந்தா கரண்ட் நிலத்துக்கு இறங்கிடும், வெட்டிவிட ஆளுமில்ல. வேலி ஊரைச் சுத்தி நிக்கோணும், இல்லாட்டி வயலைச் சுத்தி. வயல் வேலியெண்டா விதைப்போட போட்டு, வெட்டு முடிய கழட்டி வைக்கிறது, பிறகு யானை வந்து மிச்சம் நிக்கிற நெல்லுத் தாளைத் திண்டுட்டுப் போகட்டும், கோடையில அதுக்கும் தீன் வேணும்தானே. கமக்காரரே காசு போட்டு அவையே பாக்கிற வேலியெண்டா விடிய எழும்பி மீற்றர் வச்சுப் பாத்துட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பினம்.

இன்னொண்டு, வீட்டு லைன்ல இருந்து வயர் இழுத்துக் கம்பியில கொழுவாதீங்கோ. யானை வேலிக்குக் கரண்ட் குடுக்கிற சோலார் மெசின் விட்டு விட்டு அடிக்கும், நோகும், சாகாது. வீட்டுக் கரண்ட் யானையையும் கொல்லும், இரவில மாடு தேடிப் போற மனுசனையும் கொல்லும்.

நிலாவெளி: புறாத்தீவை 2003ல தேசியப் பூங்கா ஆக்கியும் முருகைக்கல் (பவளப்பாறை) ஏன் இப்பிடிக் கிடக்கு?

கடல் சூடாகி முருகை வெளுக்கிறதைப் பூங்கா எண்டு போர்ட் நட்டுத் தடுக்கேலாது, அது உலகத்துப் பிரச்சினை. மிதிக்கிறதைத் தடுக்கலாம். நான் கண்ணால கண்டது, ஒருத்தர் மாஸ்க்குக்குள்ள தண்ணி போட்டுதெண்டு மூளை மாதிரிக் கிடந்த முருகைக்கு மேலயே ஏறி நிண்டு ஆறுதலாத் துடைக்கிறார். அந்த மாதிரிக் கட்டி முருகை வருசத்துக்கு 1 சென்ரிமீற்றர் அளவுதான் வளரும், அவர் நிண்டது என்ர வயசை விட மூத்தது. கூட்டிப்போன போட்காரப் பெடியன்தான் கத்தி இறக்கினான். முருகை செத்தா மீனும் இல்ல, டூரிஸ்டும் இல்ல, அவனுக்குத்தான் முதல் அடி எண்டு அவனுக்குத் தெரியும்.

மூதூர்: ஆமை முட்டை எடுக்கிறவங்களைப் பிடிச்சு உள்ள போட்டாத்தான் திருந்துவாங்க, என்ன சொல்றீங்க?

சட்டம் வேணும்தான். ஆனா தெற்கில ரெக்கவப் பக்கம் 1996ல, முட்டை எடுத்துத் திரிஞ்ச ஆக்களையே சம்பளம் குடுத்துக் கூட்டுக்குக் காவல் வச்சவை. ஆமை எந்த இரவு, எந்த இடத்தில ஏறும் எண்டு அவையை விட ஆருக்குத் தெரியும்?

உப்புவெளித் தங்கச்சி: கோணேசர் கோயிலுக்குப் போகேக்க கோட்டை மானுக்கு வாழைப்பழம் குடுக்கலாமா?

வேண்டாம் பிள்ளை. பழத்தோட சொப்பின் பையையும் சேர்த்து விழுங்குதுகள், வயித்துக்க அது கரையாது. பையை வீட்டுக்குக் கொண்டு போங்கோ.