வீட்டையும் விற்க வேண்டாம், ஜேசிக்கும் அனுப்ப வேண்டாம்

மகளின் அடுத்த படியைப் பற்றி என்னிடம் கேட்கச் சனிக்கிழமை நீங்கள், மனைவி, மகள் என மூன்று பேராக வந்தீர்கள். நான்காவதாக ஒருவர் உங்கள் மனைவியின் கைப்பேசியில் இருந்தார்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அழைத்துக்கொண்டே இருந்த தாய்மாமா. "கவலைப்படாதீங்க, ரெண்டு நாள்ல எழுதுறேன்" என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துப் பார்த்தேன். கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நீங்கள் கவலைப்படும் இடம் வேறு, நான் கவலைப்படும் இடம் வேறு.

உங்கள் ஆசை, மகளை ஒரு சீசன் முழுக்கத் தென்கிழக்காசிய ஃபார்முலா 4 கார்ப் பந்தயங்களில், அதாவது ஃபார்முலா 1-க்கு (எஃப்1) ஏறும் முதல் படியில், ஓட வைப்பது. மாமாவின் ஆசை, உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவலில் எடுத்த 11 புள்ளியை (குறைந்தால்தான் நல்லது) வீணாக்காமல் ஜேசி என்னும் தொடக்கக் கல்லூரி, அங்கிருந்து மருத்துவம். இருவருமே அந்தப் பிள்ளையின் நன்மைக்குத்தான் பேசுகிறீர்கள். இருவருக்கும் என் பதில் வேண்டாம் என்பதே.

முதலில் பணம், ஏனென்றால் அதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கம் கிடையாது. ஈசூன் ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்கு மாறினால் ஒரு சீசனுக்கான காசு வந்துவிடும் என்றீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை அடமானம் வைத்து ரொக்கம் எடுக்க முடியாது என்பதால் விற்பதுதான் வழி, சரி. ஆனால் விற்ற பணத்திலிருந்து மசேநியில் (மத்திய சேமநிதி) எடுத்ததை வட்டியோடு திருப்பிப் போட வேண்டும். மீதியில் அடுத்த வீட்டுக்கு வேண்டியது போக எவ்வளவு நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த மீதியில்தான் அணிக் கட்டணம், பயிற்சி நாள், டயர், விமானச் சீட்டு, ஓட்டல் எல்லாம். மோதினால் காரின் முன்பக்க இறக்கை உடையும், அதற்கும் சஸ்பென்ஷன் கம்பிக்கும் தனி பில் வரும். வயது குறைந்த பிள்ளை என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கும் உங்களில் ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டும். உங்கள் அப்பா அப்பர் தாம்சன் சாலை ஓரம் நின்று பந்தயம் பார்த்த கதையை ஆசையாகச் சொன்னீர்கள். அந்தப் பந்தயம் 1973-உடன் நின்றுபோனது. மரினா பேயில் வருடத்துக்கு ஒரு வார இறுதிதான், அதுவும் சாலையை மறித்து. நிரந்தரத் தடம் சிங்கப்பூரில் இல்லாததால் பயிற்சி என்றாலே பாலம் தாண்டி மலேசியாவில்தான்.

தொகை புரிய ஓர் ஒப்பீடு. பெண்களுக்கான எஃப்1 அகாடமி 2023-இல் தொடங்கியபோது, ஒரு காருக்கு 150,000 யூரோவை எஃப்1 நிர்வாகமே போட்டது. அதன்பிறகும் அதே அளவு தொகையை ஓட்டுநர் கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே ஓடுவதும் ஃபார்முலா 4 தரக் கார்தான். நம் வட்டாரத்தில் செலவு குறையலாம். ஆனால் அது ஓராண்டோடு முடிகிற செலவல்ல. எஃப்1-இல் ஓட்டும் உரிமத்துக்குப் பந்தயத் தொடர்களில் சேர்த்த 40 புள்ளி வேண்டும். ஃபார்முலா 4 தொடரில் முதலிடமே வந்தாலும் கிடைப்பது 12. மீதி 28-க்கு எந்த வீட்டை விற்பீர்கள்?

நரேன் கார்த்திகேயனைச் சொன்னீர்கள். கோயம்புத்தூர்க்காரர், நம் ஆள், எனக்கும் பெருமைதான். அவர் ஃபார்முலா ஏசியா பட்டம் வென்றது 1996-இல், எஃப்1 பந்தயத்தில் ஓடியது 2005-இல். நடுவில் ஒன்பது ஆண்டு. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் இந்தோனேசியாவின் ரியோ ஹரியாந்தோ. 2009-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ பசிபிக் தொடரில் வாகை சூடியவர். நீங்கள் மகளுக்குக் கேட்கும் அதே மாதிரி வட்டாரத் தொடர் அது. 2016-இல் மேனர் அணிக்காக எஃப்1-க்கே போய்விட்டார். அவர் நாட்டு அரசு எண்ணெய் நிறுவனம் பின்னால் நின்றது. அப்படியும் 12 பந்தயத்தோடு, பணம் முழுதாகக் கட்ட முடியாமல் இருக்கை கைமாறியது. அதில் வந்து உட்கார்ந்தவர் எஸ்டெபான் ஓகோன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. நீங்கள் மாமாவிடம் பேச வெளியே போன பத்து நிமிடத்தில் உங்கள் மகள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். பச்சை அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. நான்கு வருட கோ-கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) ஓட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. தேதி, தடத்தின் சூடு, டயர் காற்றழுத்தம் காலையில் 9 பிஎஸ்ஐ, ஓடி முடித்து வந்ததும் 12. ஒரு பக்கத்தில் பின் ஸ்ப்ராக்கெட்டில் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) பல் 80-இலிருந்து 81 ஆனதும், பக்கத்திலேயே பென்சிலில், "வளைவிலிருந்து சீக்கிரம் கிளம்புது, நேர்க்கோட்டில் மூச்சு வாங்குது". யாரும் எழுதச் சொன்னதில்லையாம்.

"ஓட்டப் பிடிக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"பிடிக்கும் டீச்சர். ஆனா ஏன் மெதுவாச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இன்னும் நல்லா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவளிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு டேட்டா இன்ஜினியர் என்று பெயர். பந்தயம் பார்க்கிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு ஆள் இருப்பது தெரியாது. கார் கராஜுக்குள் வந்து நின்றதும் மெக்கானிக் சக்கரத்துக்குப் போவார், இவர் மடிக்கணினி வயரோடு காருக்குப் போவார். முதலில் காரின் உடம்பைப் பார்ப்பார்: எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு. பிறகு ஓட்டுநரின் சுற்றையும், அதே அணியில் வேகமாக ஓடியவரின் சுற்றையும் வரைபடக் கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். வரைபடத்தின் கீழ்க்கோடு நேரம் அல்ல, தூரம். அப்போதுதான் இருவரும் ஒரே இடத்தில் என்ன செய்தார்கள் என்று தெரியும். மலேசியாவின் செப்பாங் தடத்தின் கடைசி வளைவு, 15-ஆவது, நீண்ட நேர்க்கோட்டின் முடிவில் வருகிறது. அங்கே பிரேக் கோடு செங்குத்தாக ஏற வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது மெல்ல இறங்க வேண்டும். புதியவர்களின் கோடு மாடிப்படியிலிருந்து விழுந்த மாதிரி சட்டென்று இறங்கும். வேக வளைவில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தால், அந்த இடத்தில் ஓட்டுநர் பயந்து காலைத் தூக்கியிருக்கிறார் என்று அர்த்தம். அதை அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். அடுத்த ஓட்டத்துக்குள் இருப்பது கொஞ்ச நேரம்தான், கண்டுபிடித்தது பத்து விஷயமாக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்.

டயரிலும் கதை இருக்கிறது. வந்து நின்ற நொடியில் ஊசி குத்தி உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்று இடத்தில் சூடு பார்ப்பார்கள். நடு அதிகம் சுட்டால் காற்று அதிகம். உங்கள் மகள் இதைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், 31-ஆம் பக்கத்தில்.

இதைப் பழக இன்றைக்கே வீடு விற்க வேண்டியதில்லை. மோடெக் ஐ2 என்ற மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பல பந்தய அணிகள் பயன்படுத்துவதும் அதைத்தான். அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற கணினி விளையாட்டில் ஓட்டினால், ஓடிய சுற்றின் கணக்கை அதே வடிவில் எடுத்துத் தரும். அவளும் அவள் தம்பியும் ஆளுக்கொரு சுற்று ஓட்டட்டும். தம்பி எங்கே நேரம் இழந்தான் என்று அவள் அவனுக்கு விளக்கட்டும். அவன் சண்டைக்கு வராமல் கேட்டுக்கொண்டால் பாதி வேலை கற்றாயிற்று.

படிப்பு: பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலி) மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த படிப்பு), அல்லது இயந்திரப் பொறியியல். சென்சார், கட்டுப்பாடு, கொஞ்சம் நிரல் எழுதுவது, மூன்று ஆண்டு, இடையில் வேலைப் பயிற்சி. குடிமக்களுக்கு மானியம் போகக் கட்டணம் ஆண்டுக்கு 3,000 வெள்ளி அளவில். நீங்கள் கேட்ட சீசனில் ஒரு விபத்து பில்லுக்குக்கூட அது காணாது. பிறகு பல்கலைக்கழகம் என்றால் அந்தக் கதவும் திறந்தே இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே பந்தயக் கார் கட்டி அமெரிக்காவின் மிச்சிகன் போட்டிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்தப் பட்டறையில் நிற்க ஓட்டுநர் இருக்கை தேவையில்லை. வேலைக்கு செப்பாங்கைச் சுற்றியுள்ள அணிகள், போர்ஷே கரேரா கப் ஆசியா, ஜிடி வேர்ல்டு சேலஞ்ச் ஆசியா போன்ற பந்தயத் தொடர்கள். தொடக்கத்தில் வார இறுதி ஒப்பந்தம்தான், தூக்கம் இருக்காது, சம்பளமும் மாமாவிடம் பெருமையாகச் சொல்லும்படி இருக்காது. மறைக்கவில்லை. ஆனால் பந்தயம் கைவிட்டாலும் படிப்பு கைவிடாது: சிலேத்தாரில் விமான எஞ்சின் சோதிப்பவர்களும் ரயிலின் சக்கரத்தில் சென்சார் பொருத்துபவர்களும் படிப்பது இதே மாதிரிக் கோடுகளைத்தான்.

மாமாவுக்கு இரண்டு வார்த்தை. "ஜேசி கிடைக்காதவங்கதான் பாலிக்குப் போவாங்க" என்றார், ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது. ஜேசிக்கு வேண்டிய புள்ளி கையில் இருந்தும் பாலியைத் தெரிவு செய்யும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு எதிரே உட்காருகிறார்கள். உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடும் பிள்ளையை, உறவில் இன்னொரு டாக்டர் வேண்டும் என்பதற்காக இரண்டு ஆண்டு துணைப்பாட வகுப்புகளில் அலைய விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "பொம்பளப் புள்ள கையில கிரீஸா?" என்றும் கேட்டார். எஸ்டெபான் ஓகோன் என்று ஒரு பெயர் சொன்னேனே, 2025-இல் ஹாஸ் அணியில் அவருடைய ரேஸ் இன்ஜினியராக அமர்த்தப்பட்டவர் லாரா முல்லர் என்ற பெண். எந்தச் சுற்றில் டயர் மாற்ற உள்ளே வர வேண்டும் என்று அந்த சீசனில் ஓகோன் காதில் சொன்னது அந்தப் பெண்ணின் குரல். ரியோவின் இருக்கை பணத்துக்குக் கைமாறிய அதே விளையாட்டில்தான் இதுவும் நடந்தது.

கோ-கார்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை, இப்போது ஆகும் செலவுக்குள், ஓட்டட்டும். ஓட்டத் தெரிந்த டேட்டா இன்ஜினியர் ஓட்டுநரிடம் பேசும் விதமே வேறு.

ஜேசிக்கும் பாலிக்கும் சேர்த்துப் போடும் கூட்டுச் சேர்க்கை விண்ணப்பத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. 12 தெரிவுகளையும் அவளே வரிசைப்படுத்தி எழுதட்டும். நீங்கள் பார்க்கலாம், மாற்றக் கூடாது. வீட்டு முகவரிடம் பேசிவிட்டதாகச் சொன்னீர்கள், இன்றே அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நோட்டு என்னிடம் இருக்கிறது, அவசரத்தில் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். வியாழன் மாலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மாமாவும் கூட வந்தால் நல்லது, 31-ஆம் பக்கத்தை அவளே அவருக்கு விளக்கட்டும்.