பழைய டிஎஸ்ஸில் ஆத்திசூடி: லாக்கை உடைத்தால் குற்றமா, கோட் கம்பெனிக்கா?

கேள்வி: நான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐடி கம்பெனியில் பேங்க் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறேன். வீடு உல்சூரில். மகளுக்குத் தமிழ் எழுத்து பழக்குவதற்காக, வீட்டில் சும்மா கிடந்த நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கு ஒரு ஆப் எழுதினேன். மேல்திரையில் ஆத்திசூடி வரிகள் வரும். கீழ்த்திரையில் ஸ்டைலஸால் எழுத்தின் மேல் எழுதிப் பழகலாம். பிறகு அதை அடுத்த தலைமுறைக் கருவியான 3டிஎஸ்ஸுக்கும் மாற்றினேன். அதற்கு, வெளி ஆப்களை ஓட விடாத கருவியின் லாக்கை உடைக்க வேண்டியிருந்தது. ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பெற்றோர் சிலர் தங்கள் கருவியிலும் போட்டுத்தரச் சொல்கிறார்கள். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், பழைய கன்சோல்களில் என் ஆப்பைப் போட்டு விற்று, கருவிக்கு 300 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்; "கூடவே நூறு கேம் நாங்க போட்டுக்குவோம்" என்கிறார். இதற்கிடையே ஹெச்ஆரிடமிருந்து மெயில்: வேலையில் இருக்கும் காலத்தில் எழுதிய எல்லா கோடும் கம்பெனிக்குச் சொந்தமாம், பத்து நாளில் சோர்ஸ் கோடை ஒப்படைக்க வேண்டுமாம். யூசு வழக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஜெயில் வரைக்கும் போகுமா?

பதில்: ஆப் எழுதியதற்காகப் போகாது. அந்தக் கடைக்காரரோடு கை கோத்தால் போக வாய்ப்பு உண்டு. ஹெச்ஆர் மெயிலில் ஜெயில் பேச்சுக்கே இடமில்லை, ஆனால் உங்களுக்கு உண்மையான தலைவலி அதுதான்.

முதலில் யூசு. அது நின்டெண்டோவின் 'ஸ்விட்ச்' கருவிக்கான கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர். நின்டெண்டோ அமெரிக்காவில், அந்த நாட்டுச் சட்டப்படி வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலருக்கு சமரசமாக முடிந்தது. அடுத்தவர் கேமை ஓட்டுவது பற்றிய வழக்கு அது. நீங்கள் எழுதியது முழுக்க உங்கள் சொந்த ஆப். அதில் யாருடைய கேமும் இல்லை.

கேம் கருவியில் கேம் அல்லாத சாஃப்ட்வேர் எழுதுவது ஒன்றும் விசித்திரமல்ல. கேம் பாயில் இசையமைக்கும் நானோலூப் 1998-லேயே வந்துவிட்டது. 2008-ல் டிஎஸ் ஒரு சின்தசைசராகவே, அதாவது மின்னணு இசைக்கருவியாகவே, கடைகளில் விற்றது, கோர்க் டிஎஸ்-10 என்ற பெயரில். டிஎஸ்ஸுக்கு அனுமதி எதுவும் கேட்காமல் எழுதப்பட்ட 'கலர்ஸ்' என்ற ஓவிய ஆப், பிறகு 2012-ல் 3டிஎஸ்ஸின் அதிகாரப்பூர்வக் கடையிலேயே இடம் பிடித்தது. உங்களுக்கு அந்த வழி இப்போது இல்லை. 3டிஎஸ் இ-ஷாப்பில் வாங்குவதை 2023 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள்.

லாக்கை உடைத்த விஷயத்துக்கு வருவோம். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல், 2012-ம் ஆண்டுத் திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பதிப்புரிமையைக் காக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்திருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் இந்த அளவுக்கு எண்ணத்தைக் கேட்பதில்லை. அடுத்த உட்பிரிவு இன்னும் தெளிவு. இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. மகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுப்பதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை.

இதோடு 52(1)(ஏபி) பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நீங்களாக எழுதிய புரோகிராம் இன்னொரு புரோகிராமோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலைப் பெற, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, சட்டப்படி கையில் வைத்திருப்பவர் செய்யும் வேலை மீறலாகாது. 'சட்டப்படி கையில்' என்று இருப்பதால், கருவி வாங்கிய பில் இருந்தால் எடுத்து வையுங்கள். இந்தப் பிரிவுகளில் தீர்ப்புகள் குறைவு, அதனால் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் உங்கள் நிலை பலமானது. கருவியோடு வந்த நிபந்தனைகளில் 'மாற்றக் கூடாது' என்று இருக்கும். அதை மீறுவது சிவில் விவகாரம். அக்கவுன்ட்டை முடக்கலாம், வாரன்ட்டி இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நின்டெண்டோவின் அதிகாரப்பூர்வ டெவலப்மென்ட் கிட் (ஆப் எழுதும் சாஃப்ட்வேர் தொகுப்பு) கசிந்து நெட்டில் கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். டெவ்கிட்ப்ரோ மாதிரி எல்லோருக்கும் திறந்திருக்கும் சாஃப்ட்வேர்களே போதும். ஆப்போடு நீங்கள் தரும் ஃபைலில் நின்டெண்டோவின் ஃபர்ம்வேரோ (கருவியை இயக்கும் உள் சாஃப்ட்வேர்), பூட்டைத் திறக்கும் ரகசிய கீயோ, ஒரு படமோகூட இருக்கக் கூடாது.

பெற்றோர் கேட்பது வேறு கதை. ஆப்பை மட்டும் கொடுத்தால், என் பார்வையில், பூட்டு உடைப்பதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் கருவியை வாங்கி நீங்களே லாக்கை உடைத்துக் கொடுத்தால், 65ஏ சொல்லும் 'உடைக்க உதவுபவர்' ஆகிவிடுவீர்கள். அதுவும் தடையல்ல, ஆனால் சட்டம் ஒரு வேலை வைக்கிறது: யாருக்கு உதவினீர்களோ அவருடைய பெயர், முகவரி, அடையாளம் காணத் தேவையான விவரம், எதற்காக உதவினீர்கள் என்பது வரை முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. நீங்கள் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், முகவரி, போன் நம்பர், கருவியின் சீரியல் நம்பர், 'தமிழ் எழுத்துப் பயிற்சி ஆப்புக்காக' என்று ஒரு வரி, கீழே பெற்றோர் கையெழுத்து, தேதி. என்றைக்காவது ஒரு போலீஸ்காரர் கேட்டால், வக்கீலுக்கு முன்னால் அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும். பணம் வாங்காதீர்கள். "அப்படியே ரெண்டு கேமும் போட்டுக் கொடுங்க" என்று கேட்பவருக்கு அந்த ஆப்பையும் போட்டுத் தராதீர்கள்.

எஸ்.பி. ரோட்டுக்காரருக்கு ஒரே பதில், முடியாது. அந்த நூறு கேமும் திருட்டுப் பிரதி. பிரிவு 63-ன்படி தெரிந்தே பதிப்புரிமையை மீறினாலும், மீறத் துணை நின்றாலும், குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. இது பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் சொல்லிவிட்டது. பொருளைப் பறிமுதல் செய்ய சப்-இன்ஸ்பெக்டர் போதும், பிரிவு 64. "கேம் போட்டது அவர், நான் ஆப் மட்டும்தான்" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர் கேம் போடப்போவது உங்களுக்கு முன்பே தெரியும், எனக்கே எழுதியிருக்கிறீர்கள். லாக்கை உடைக்கும் வழியும் உங்களுடையது என்றால், 65ஏ கேட்கும் அந்தக் கெட்ட எண்ணத்தை நீங்களே கூரியரில் அனுப்பியது போல ஆகும். வேண்டாம் என்பதை வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள்.

அந்த 300 ரூபாய் இன்னொரு இடத்திலும் கடிக்கும். அது ஹெச்ஆர்.

பதிப்புரிமைச் சட்டம் 17(சி) படி, வேலையின் ஊடாக ஊழியர் உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். 'வேலையில் இருக்கும்போது' வேறு, 'வேலையின் ஊடாக' வேறு. பேங்க் சாஃப்ட்வேரைச் சோதிப்பவர் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஆத்திசூடி ஆப் எழுதினால், அது வேலையின் ஊடாக வந்ததல்ல. ஹெச்ஆரின் மெயில் சட்டத்தைச் சொல்லவில்லை, தன் ஆசையைச் சொல்கிறது.

ஆனால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படியுங்கள். 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தையும் கம்பெனிக்கு எழுதித் தருகிறேன்' என்று ஒரு வரி இருக்கும், பெங்களூரில் அநேகமாக எல்லா லெட்டரிலும் இருக்கிறது. இனி வரப்போகும் படைப்பையும் எழுதித் தரலாம் என்று பிரிவு 18 சொல்கிறது, அதனால் அந்த வரியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உங்களுக்குக் கை கொடுப்பது 19(2): எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிட்டாக வேண்டும். 'அனைத்தும்' என்ற ஒற்றைச் சொல்லில் உங்கள் ஆப் அடையாளம் காட்டப்பட்டதா என்று கோர்ட்டில் நன்றாகவே வாதாடலாம்.

அதைவிட முக்கியம், எந்த லேப்டாப்பில் எழுதினீர்கள்? ஆபீஸ் லேப்டாப்பில் ஒரே ஒரு நாள் எழுதியிருந்தாலும் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். சொந்த லேப்டாப், வீட்டு இன்டர்நெட், ராத்திரி நேரம் என்றால், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' (Git) சாஃப்ட்வேரில் உள்ள ஒவ்வொரு கமிட்டின், அதாவது ஒவ்வொரு பதிவின், தேதியும் நேரமும் சாட்சி. அதைக் கோர்ட்டில் கொடுக்க பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. பயத்தில் பழைய ரெப்போவை (கோடும் அதன் பதிவுகளும் இருக்கும் ஃபோல்டர்) டெலீட் செய்பவர்கள் நிறையப் பேர், அதைவிடக் கம்பெனிக்கு உதவி வேறில்லை.

பத்து நாள் முடிவதற்குள் மெயிலுக்குப் பதில் போடுங்கள். கோடை இணைக்காதீர்கள். இது வேலைக்குச் சம்பந்தமில்லாத, கம்பெனியின் கருவியோ நேரமோ தகவலோ பயன்படுத்தாத, லாப நோக்கமில்லாத ஆப் என்றும், எந்த ஒப்பந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள் என்றும் நாலு வரி போதும், கோபம் வேண்டாம். கடைசியில், கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். கேஸில் நீங்கள் ஜெயிக்கலாம், அதற்குள் வேலை போய்விடலாம். அதனால் அந்த ஒரு காகிதம் தீர்ப்பைவிட மலிவு. கடைக்காரரிடம் பணம் வாங்கியிருந்தால் இந்த மெயிலையே எழுத முடியாது. 'வெளியில் சம்பாதிக்கக் கூடாது' என்ற இன்னொரு வரியும் அதே லெட்டரில் இருக்கும்.

ஆத்திசூடி மூலத்துக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் இந்தக் காலத்து ஒருவரின் உரையைச் சேர்த்திருந்தால், அவர் மறைந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். எழுத்துருவின் லைசென்ஸையும் ஒருமுறை பாருங்கள். பெயர் வைக்கும்போது 'நின்டெண்டோ 3டிஎஸ்ஸில் இயங்கும்' என்று சொல்லலாம், அவர்கள் லோகோவைப் போடக் கூடாது.

ஆப்பைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யலாம். கட்டாயமில்லை, கட்டணம் 500 ரூபாய். ஆனால் விண்ணப்பம் போட்டால் ஆட்சேபத்துக்கு 30 நாள் விடுவார்கள், உரிமை கோருபவருக்கு நீங்களே நோட்டீஸும் கொடுக்க வேண்டும். ஹெச்ஆரின் பதில் வரும் வரை அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுங்கள்.