அந்த மேசையருகே ஒரு மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 54, கணவருக்கு 59. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். ஒரே மகள் திருமணமாகி மட்டக்களப்பில் இருக்கிறாள். கடந்த ஆடி மாதம் எங்கள் முப்பதாவது திருமண நாள் வந்தது. அதை நான் எங்கே கழித்தேன் தெரியுமா? குச்சவெளிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில், கூடாரத்துக்குள், நுளம்புக் கடியில்.

என் கணவர் அமெச்சூர் வானொலிக்காரர், அதாவது வீட்டில் ஓர் அறையில் கருவி வைத்துப் பொழுதுபோக்காக மற்ற வானொலிக்காரர்களோடு பேசுபவர். ஹாம் என்பார்கள். 2004 சுனாமியின்போது தொலைபேசி வேலை செய்யாமல், மூதூரில் இருந்த தன் அக்கா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்தவர். அம்பாந்தோட்டையிலிருந்து இந்த வானொலிக்காரர்கள் செய்தி அனுப்பினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டு, பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமத்தை எடுத்தார். நல்ல காரணம்தான். ஆனால் அன்றிலிருந்து அவர் இரவெல்லாம் உலகத்தோடு பேசுகிறார், என்னோடு பேசுவதில்லை. அந்த அறையில் இருக்கும் கடிகாரம்கூட நம் நேரத்தைக் காட்டாது. உலகப் பொது நேரமாம், ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.

நண்பர்கள் சேர்ந்து அந்தத் தோட்டத்தில் இரண்டு நாள் ஒன்றுகூடல் வைத்தார்கள். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று பல இடங்களிலிருந்து வந்து, பழைய ரேடியோக்கள், செய்தித்தாளில் சுற்றிய வால்வுகள், வளையம் வளையமாகக் கேபிள்கள் என்று மேசைகளில் பரப்பி விற்றார்கள், வாங்கினார்கள். "நீயும் வா, கடற்கரையில் படுக்கலாம்" என்றார். முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கூப்பிடுகிறாரே என்று நானும் போனேன். அன்று கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்யவேண்டும் என்று நினைத்திருந்தேன். அதையும் விட்டேன்.

போனதும் இரண்டு தென்னைகளுக்கு இடையில் ஏரியலுக்காக இருபது மீற்றர் கம்பி கட்டினார். கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு கச்சான் காற்றில் நான் நின்றேன். முகமெல்லாம் மணல். திருமண நாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

பிறகு மேசைகளைப் பார்க்கப் போனவர் ஒரு மேசையருகே ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். கணவரை இழந்த ஓர் அம்மா தன் கணவரின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த தாளில் வானொலியில் அந்த மனிதரை அடையாளம் காட்டும் அழைப்புக் குறியும், பின்னால் எஸ்.கே. என்று இரண்டு எழுத்தும் இருந்தன. பெயரின் முதலெழுத்தாக இருக்கும். அந்த அம்மாவிடம் என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாது. சோறு ஆறிப்போய் நான் தனியாகச் சாப்பிட்டேன். கடைசியில் அதே மேசையில் 18,500 ரூபாய்க்கு ஒரு பழைய ரிசீவர் வாங்கினார். அதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது! பேரமும் பேசவில்லை, கேட்டதைக் கொடுத்தார். எங்கள் குசினிக் கூரை இரண்டு வருடமாக ஒழுகுகிறது. மாரிக்கு முன் தகடு மாற்றவேண்டும் என்று சேர்த்த காசு அது.

இரவில் தூக்கமும் இல்லை. கண்டியிலிருந்து வந்த ஒரு தம்பியின் தொலைபேசி இலக்கத்தை என் போனில் போட்டு வைக்கச் சொன்னார். "இவன் நேர்மையானவன், ஏரியல் கம்பத்தைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதே" என்றார். அபசகுனமாகப் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். சித்திரையில் கிளினிக்குக்குப் போய் வந்தவர் அங்கே என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை, அது வேறு கதை. என் கேள்வி இதுதான்: கூரைக்கு வைத்த காசில் ஏற்கெனவே இருக்கும் ரேடியோவை இன்னொரு தடவை வாங்கும் மனிதருக்கு எப்படிப் புத்தி சொல்வது? வந்த நாளிலிருந்து நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. மகளும் என் பக்கம்தான்.

— பெயர் வேண்டாம், திருகோணமலை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கூரை, 18,500 ரூபாய், ஆறிய சோறு எல்லாம் கண்ணில் பட்டன. உங்கள் வருத்தம் நியாயமானது. திருமண நாளில் கயிற்றைப் பிடிக்கவிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத கணவர்மீது எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் "அது வேறு கதை" என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அதற்கு மேல் என்னால் கூரையைப் பற்றி நினைக்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். என் நெருங்கிய உறவினர் ஒருவர் இந்த வானொலித் துறையில் இருந்தவர். அதனால் எனக்குச் சில சொற்கள் தெரியும். எஸ்.கே. என்பது அந்த மனிதரின் பெயர் எழுத்து அல்ல. ஹாம்கள் தங்களில் ஒருவர் காலமானால் அவரை 'சைலன்ட் கீ' என்று குறிப்பிடுவார்கள். தந்தியடிக்கும் மோர்ஸ் விசை ஓய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தாளில் எழுதியிருந்தது அதுதான். உங்கள் கணவருக்கு அதன் பொருள் தெரியும். தெரிந்துதான் ஒரு மணி நேரம் நின்றார்.

அந்த அம்மாவின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உரிமம் இல்லாதவர் அந்தக் கருவிகளில் பேச முடியாது. ஆகவே கணவர் போனதும் வீட்டில் ஓர் அறை நிறையப் பெட்டிகள் மிஞ்சும். எது பெறுமதியானது, எது வெறும் தகரம் என்று அவருக்குத் தெரியாது. பழைய இரும்புக்காரர் வந்து செப்பையும் அலுமினியத்தையும் நிறுத்துக் கொடுக்கும் காசை வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். உங்கள் கணவர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை, கேட்ட விலைக்கு, அந்த மேசையில் வாங்கினார். அவர் வாங்கியது ரேடியோ என்று எனக்குத் தோன்றவில்லை. நாளை நீங்கள் அப்படி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார நேர்ந்தால் யாராவது உங்களோடு பேரம் பேசாமல் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். அன்று இரவே அந்தத் தம்பியின் இலக்கத்தை உங்களிடம் கொடுத்தாரே, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் உங்களை ஏன் கூப்பிட்டார் என்று உங்களுக்குக் கேள்வி எழவில்லையா? தன் நண்பர்களை நீங்களும், உங்களை அவர்களும் பார்த்து வைக்கவேண்டும் என்று விரும்பியிருக்கிறார். ஊகம்தான், நான் பிழையாகவும் இருக்கலாம். கிளினிக்கில் சொன்னது சாதாரண விடயமாகவும் இருக்கலாம். இந்த வயதில் ஒரு மருந்துச் சீட்டே ஒரு மனிதரை மரணத்தைப் பற்றி யோசிக்க வைத்துவிடும். ஆனால் அது என்னவென்று எனக்குத் தெரியாதது போலவே உங்களுக்கும் தெரியாது. சித்திரையிலிருந்து தெரியாது.

இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன், கோபிக்க வேண்டாம். அவர் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதாக எங்கும் எழுதவில்லை. கூடாரத்துக்குள் அவர் வாயைத் திறந்தபோது "அபசகுனம்" என்று மூடியது நீங்கள்தான். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பலம் எனக்குத் தெரியும். பயம் வரும்போது நாம் முதலில் எடுப்பது அதைத்தான். உங்களுக்குப் பயம் வந்தது. வந்ததால்தான் இரண்டு நாள் நிகழ்ச்சியையும் ரூபாய்க் கணக்கோடு எழுதிவிட்டு, கிளினிக்கை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ரேடியோமீது கோபப்படுவது சுலபம், அது திருப்பிப் பதில் சொல்லாது.

அவரிடமும் பிழை இருக்கிறது. தன் அக்காவிடமிருந்து செய்தி வராமல் இரண்டு நாள் துடித்ததால்தான் அவர் இந்தத் துறைக்கே வந்தார். செய்தி இல்லாமல் இருப்பது என்ன வேதனை என்று அவருக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் தன் மனைவியை மூன்று மாதத்துக்கு மேல் அதே நிலையில் வைத்திருக்கிறார். ரிசீவர் வாங்கியும் இலக்கம் கொடுத்தும் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாரே தவிர, நேரே சொல்லவில்லை. இதை நீங்கள் அவரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் வழக்குப் பேசுவதுபோல் வேண்டாம். மகளை வைத்தும் கேட்கவேண்டாம். இது உங்கள் இருவருக்கும் இடையில் பேசப்படவேண்டியது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் அந்த மேசையிலிருந்து தொடங்குங்கள். இரவில் அவர் அந்த அறைக்குள் போகும்போது பிளேன்டீயோடு நீங்களும் போய் உட்காருங்கள். "அந்த அம்மாவோடு என்ன பேசினீர்கள்?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம், தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு கிளினிக் கொப்பியைக் கேளுங்கள். அவர் அழலாம், நீங்களும் அழலாம். அதில் அபசகுனம் எதுவும் இல்லை.

அந்தத் தம்பியின் இலக்கத்தை உங்கள் போனில் போட்டு வையுங்கள். அதைப் போட்டுவிட்டீர்கள் என்று கணவரிடம் காட்டுங்கள்.

கொப்பியில் அடுத்த கிளினிக் திகதி எழுதியிருக்கும். அன்று அவரைத் தனியாக அனுப்பவேண்டாம், நீங்களும் கூடப் போங்கள். வரும் வழியில் கோணேசர் கோயிலில் அந்த அர்ச்சனையைச் செய்துவிட்டு வாருங்கள். கூரைக்கு ஆள் அடுத்த நாள் வரட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்