கேள்வி-பதில்: ஆன் ஆகாத பழைய கம்ப்யூட்டர்

கேள்வி: சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறோம். 2000-இல் அப்பா அசெம்பிள் செய்து வாங்கிய பென்டியம் 3 சிஸ்டம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. விண்டோஸ் 98. கொஞ்ச காலம் பயன்படுத்தாமல் மூடி வைத்திருந்தோம். இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் எதுவும் வரவில்லை. ஒரு நீளமான பீப், பிறகு இரண்டு குட்டை பீப் கேட்கிறது. கடையில் காட்டினோம். "மதர்போர்டு போயிடுச்சு, இனிமே பார்ட்ஸ் கிடைக்காது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்கிறார்கள். பேஜ்மேக்கரில் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) செய்த பழைய வேலைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பீப் கேட்கிறது என்பதே நல்ல செய்தி. ஆன் செய்தவுடன் பிராசஸர், பயாஸ் சிப்பில் இருக்கும் நிரலைப் படித்து ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கிறது. திரையில் எழுத்து காட்ட முடியாதபோது ஸ்பீக்கரில் ஒலி எழுப்பிக் கோளாறைச் சொல்கிறது. மதர்போர்டு அடியோடு போயிருந்தால் அந்த ஒலியே வராது. அந்தக் காலப் போர்டுகளில் பரவலாக இருந்தது அவார்டு பயாஸ். அதில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு பக்கம் கோளாறு. நீளமான பீப் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் ராம். ஏஎம்ஐ பயாஸ் என்றால் கணக்கு வேறு. உங்கள் போர்டில் எது என்பது பயாஸ் சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

ஆனால் கார்டில் கை வைப்பதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். எது கோளாறு என்று தெரியாத சிஸ்டத்தைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதில் ஆபத்து டிஸ்க்குக்குத்தான். எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) தடுமாறி வோல்டேஜ் ஏறினால் மதர்போர்டை வேறு வாங்கிக்கொள்ளலாம், உங்கள் அப்பா செய்த வேலையை வாங்க முடியாது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கின் பின்பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அகலப் பட்டைக் கேபிளையும் நாலு வயர் பவர் கனெக்டரையும் கழற்றுங்கள். அடுத்து, இந்தப் பழைய வகை டிஸ்க்கை இன்றைய கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் இணைக்க ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் ஒன்று தேவை. தனியாகப் பவர் அடாப்டரோடு வருவதைத்தான் வாங்க வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். வெறும் கேபிளை வாங்கிவிட்டு, டிஸ்க் சுற்றவில்லை, போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. டிஸ்க்கின் ஜம்பர் (பின்பக்கத்தில் பின்களின் மேல் மாட்டியிருக்கும் குட்டிச் செருகி) மாஸ்டரில் இருக்கட்டும்.

இணைத்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீராகச் சுற்றினால் சரி. டக், டக் என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்ற ஆசையே வேண்டாம். அது டேட்டா ரெக்கவரி செய்கிறவர்கள் பார்க்க வேண்டிய வேலை. விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அச்சகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பேஜ்மேக்கர் ஃபைல்களை மட்டும் எடுத்தால் போதாது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் பல, ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தன. அதே ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுவதுமாக எடுங்கள். பெரிய படங்களையும் பேஜ்மேக்கர் பல நேரம் ஃபைலுக்குள் வைக்காது, அவை இருக்கும் இடத்தைத்தான் குறித்து வைத்துக்கொள்ளும். எனவே தேர்ந்தெடுத்து எடுக்காமல் டிஸ்க்கை அப்படியே முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். அக்கால டிஸ்க் பெரும்பாலும் 10, 20 ஜிபிதான். இன்றைய பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும்.

பிரதி பத்திரமான பிறகு கோளாறைப் பார்க்கலாம். டிஸ்ப்ளே கார்டைக் கழற்றி, அதன் விளிம்பில் இருக்கும் பொன்னிறத் தகடுகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, மறுபடி நன்றாக அழுத்திச் செருகுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். ராமுக்கும் இதையே செய்யுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கிடந்த சிஸ்டங்கள் இந்த ரப்பர் வைத்தியத்திலேயே பிழைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் சவுண்ட் கார்டு, மோடம், சிடி டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம், டிஸ்ப்ளே கார்டு மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். வேறு கார்டு போட்டுப் பார்க்க வேண்டுமானால் பழைய பிசிஐ கார்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிசிஐ, ஏஜிபி என்பவை போர்டில் கார்டு செருகும் இடத்தின் வகைகள். ஏஜிபி கார்டுகளில் 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்று வகை உண்டு, ஒன்றுக்கு ஒன்று ஒத்துவராது. பிசிஐயில் அந்தத் தொல்லை இல்லை.

கூடவே போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாக எதுவும் கசிந்திருந்தாலோ அதை மாற்ற வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரமில்லாத எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறின. பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. 2003 வாக்கில் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 இதற்குப் பேர் போனது. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். பொருளின் விலை சொற்பம். பல அடுக்குப் போர்டில் சால்டரிங் செய்து பழக்கமுள்ள கைதான் கிடைக்க வேண்டும். டிவி மெக்கானிக்குகளில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஃபேன் சுற்றுவதால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஃபேன் 12 வோல்ட்டில் ஓடுகிறது, 5 வோல்ட் படுத்திருந்தாலும் அது சுற்றும். மல்டிமீட்டரின் ஒரு முனையை நாலு வயர் பவர் கனெக்டரின் கறுப்பு வயரில் வைத்து, மறுமுனையில் சிவப்பையும் மஞ்சளையும் அளக்கச் சொல்லுங்கள். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். புது எஸ்எம்பிஎஸ் வாங்குவதானால் பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். அக்காலப் போர்டுகள் பிராசஸருக்கான மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட்டிலிருந்து எடுக்கும், இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் பலத்தையெல்லாம் 12 வோல்ட்டில் வைத்திருக்கும். பழைய ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள். உங்களுடையது அசெம்பிள் செய்தது என்பதால் கவலையில்லை. 2000-க்கு முன்பின் வந்த சில டெல் சிஸ்டங்களில் கனெக்டர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வயர் வரிசை வேறு. அதில் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைச் செருகினால் போர்டு கருகிவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பழைய குண்டு மானிட்டரையும் மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால், என்ன சோதித்தார்கள், எது போயிருக்கிறது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "மதர்போர்டு போச்சு" என்று வாயால் சொல்வது சுலபம். எழுதச் சொன்னால் சோதித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். சர்வீஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களை அடுத்தவருக்கு வெளிப்படுத்துவதையும் அதே சட்டம் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அதனால் எந்தப் பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போட்டாலும் டிஸ்க் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். டிஸ்க் இல்லையென்று விலையைக் கொஞ்சம் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் "சிமாஸ் செக்சம் எரர்" என்று வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதியும் பின்னால் போய்விடுகிறது. வைரஸா? (திருச்சி வாசகர்)

பதில்: வைரஸ் இல்லை, பேட்டரி. சிஸ்டம் அணைந்திருக்கும்போது தேதியையும் பயாஸ் செட்டிங்குகளையும் காப்பாற்றி வைக்க மதர்போர்டில் நாணயம் போல ஒன்று இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பை விரலால் தள்ளி எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே வருமாறு புதியதைப் போடுங்கள். அதன் பிறகு பயாஸ் செட்டப்புக்குள் போய்த் தேதி, நேரம், ஹார்ட் டிஸ்க்கை ஆட்டோ டிடெக்ட் செய்வது, பூட் வரிசை ஆகியவற்றைச் சரிசெய்து சேமிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு "பேட்டரி மாற்றியும் பூட் ஆகவில்லை" என்று தவிப்பவர்கள் பலர்.

உங்களுடையது பென்டியத்துக்கு முந்தைய 386 அல்லது 486 என்றால் விஷயம் அவசரம். அவற்றில் பலவற்றில் கீபோர்டு கனெக்டருக்குப் பக்கத்தில், குட்டிப் பீப்பாய் வடிவில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டரிங் செய்து வைத்திருப்பார்கள். அது கசிந்து, பச்சை பூத்து, செம்புத் தடங்களை அரித்துவிடும். கீபோர்டு வேலை செய்யாமல் போவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. சிஸ்டம் இன்று ஓடினாலும் பேட்டரியை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்த இடத்தை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாகக் காய விடுங்கள். பேட்டரியே கண்ணில் படாமல் "டல்லாஸ்" என்று எழுதிய கறுப்புக் கட்டி ஒன்று இருந்தால், பேட்டரி அதற்குள் சீல் ஆகியிருக்கிறது. டிஎஸ்12887 போன்ற அந்தச் சிப்பையே மாற்ற வேண்டும்.

கேள்வி: பழைய மேகின்டாஷ் கிளாசிக் ஒன்று ஆன்லைனில் விற்பனைக்கு வந்திருக்கிறது. "ஆன் ஆகிறது, டெஸ்ட் செய்யவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: அந்த வாசகத்தைப் பார்த்தால் ஓடாத பெட்டிக்கு என்ன கொடுப்பீர்களோ அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் 1990-இல் வந்த இந்த மாடலில் வாங்குகிறவருக்குச் சாதகமான ஒரு வசதி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் ஃப்ளாப்பியும் இல்லாமலே, உள்ளே இருக்கும் ரோம் சிப்பில் (அணைத்தாலும் அழியாத நினைவகம்) ஒரு முழு சிஸ்டத்தை ஆப்பிள் வைத்திருக்கிறது. ஆன் செய்யும்போது கமாண்ட், ஆப்ஷன், எக்ஸ், ஓ நான்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அதிலிருந்து பூட் ஆகும். விற்பவரை அப்படிச் செய்து, ஆன் செய்வதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை வெட்டாமல் ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் வந்தால் போர்டு பெரும்பாலும் நலம். சாதாரணமாக ஆன் செய்யும்போது திரையில் கேள்விக்குறியோடு நின்றால் அது ஹார்ட் டிஸ்க் கோளாறாக மட்டும் இருக்கலாம், அதற்கு மெமரி கார்டில் ஓடும் ப்ளூஸ்கஸி போன்ற மாற்று கிடைக்கிறது.

திரையில் சதுரங்கக் கட்டம், கோடுகள் என்று வந்தால் போர்டில் உள்ள சின்னக் கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். கழுவி, எல்லாவற்றையும் மாற்றினால் பிழைக்கும். ஆனால் செய்கிற ஆள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியின் படத்தையும் கேளுங்கள். அது வெடித்துக் கசிந்த போர்டு என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியா என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். 120 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் செருகினால் கதை அன்றோடு முடிந்தது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பார்சலில் வரவழைப்பதை விட முடிந்தால் நேரில் போய்த் தூக்கி வாருங்கள். வரும் வழியில் பிக்சர் டியூபின் கழுத்து உடைவது மிகச் சகஜம்.

கேள்வி: "நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்" என்று வந்து நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: முதலில் ஃப்ளாப்பி டிரைவில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியே எடுத்துவிட்டு ஒரு கீயை அழுத்துங்கள். அது இல்லையென்றால் பயாஸ் செட்டப்பில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிளையும் ஜம்பரையும் சரிபாருங்கள். பட்டைக் கேபிளின் ஓரத்தில் இருக்கும் நிறக்கோடு டிஸ்க்கின் 1-ஆம் பின் பக்கம், அதாவது பெரும்பாலும் பவர் கனெக்டரை ஒட்டி, இருக்க வேண்டும். பெயர் தெரிந்தும் இதே செய்தி வந்தால் மேலே கும்பகோணம் வாசகருக்குச் சொன்னபடி டிஸ்க்கைக் கழற்றிப் பிரதி எடுத்துவிட்டு, அதன் பிறகு விண்டோஸை மறுபடி போடுவது பற்றி யோசியுங்கள்.