ஓரமா போ என்றால், எந்த ஓரம்?

கேள்வி: நான் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். காரில் வருபவர்களும் பைக்கில் வருபவர்களும் சைக்கிள்காரர்கள் மேல் ஏன் இப்படி எரிந்து விழுகிறார்கள்? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

7 வருடமாக சென்னையில் மேடவாக்கத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கு சைக்கிளில்தான் அலுவலகம் போகிறேன். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணை வரை, அப்புறம் சதுப்பு நிலத்துக்குக் குறுக்கே போகும் ரேடியல் சாலை. 8 கிலோமீட்டர் சொச்சம் வரும். வீட்டில் காரும் இருக்கிறது. பெருமழை நாளிலும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளிலும் அதை எடுப்பேன். ஆகையால் எனக்குத் திட்டு வாங்கியும் பழக்கம், திட்டியும் பழக்கம்.

வாங்கிய திட்டுகளில் பத்துக்கு ஒன்று "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" ரகம். மீதி ஒன்பதும் ஒரே வார்த்தையின் பேரப்பிள்ளைகள்: ஓரமா போய்யா, ஓரமா போங்க சார், ஓரமா போறதுக்கு என்ன கேடு. உங்கள் கேள்விக்கான பதில் இந்த "ஓரம்" என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கார் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து பார்க்கும் ஓரமும் சைக்கிள் சீட்டில் இருந்து பார்க்கும் ஓரமும் வேறு வேறு இடங்கள்.

2022-இல் ஒரு காலை. பள்ளிக்கரணை தாண்டி ஒரு மஞ்சள் போர்டு கார் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் விலகவில்லை. விலகவும் முடியாது, இடப்பக்கம் முழுக்கப் புதிதாகத் தோண்டி மூடிய பள்ளம். கடைசியில் என் முழங்கையை உரசுகிற மாதிரி ஏறிப்போய், சட்டென்று இடப்பக்கம் வெட்டினார். "கட் அடிப்பது" என்று நாம் சொல்வது. பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் வழுக்கி, ஒரு காலை ஊன்றித்தான் நின்றேன். அடுத்த சிக்னலில் அதே கார் நின்றுகொண்டிருந்தது. சைக்கிள்காரனுக்கு இதுதான் பெரிய சௌகரியம், பெரிய ஆபத்தும்கூட: நம்மை மதிக்காமல் போன வண்டி அடுத்த சிக்னலில் எப்படியும் கையில் சிக்கும்.

போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். "இது என்ன உங்கப்பன் வீட்டு ரோடா? ஓரத்துல அவ்ளோ இடம் கிடக்கு, நடுவுல போற?" நானும் ஏதோ சொன்னேன், இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. அவர் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் நாலு வண்டி ஹாரன். எனக்கு முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது கோபம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்தார். அவரைப் பொறுத்தவரை வழக்கு ரொம்ப எளிது. கார்க்காரரிடம், "சரி விடுய்யா, கிளம்பு" என்றார். என்னிடம் திரும்பி, உண்மையான அக்கறையோடு, "சார், படிச்சவரா இருக்கீங்க. ஒரு பைக் வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால், "அவ்ளோ இடம் கிடக்கு" என்று அந்த டிரைவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. காரிலிருந்து பார்த்தால் சாலையின் இடது ஓரம் காலியாகத்தான் தெரியும். கார் போக முடியாத இடமெல்லாம் காருக்குக் காலி இடம்தான்.

சைக்கிளில் இருந்து அதே ஓரத்தைப் பாருங்கள். முதலில் மணல். லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்டும் ஜல்லியும் வண்டிகள் போகப்போக ஒதுங்கி, கடைசி ஒரு முழத்தில் வந்து படிந்திருக்கும். பிரேக்கைத் தொட்டால் வழுக்கும். அப்புறம் மேன்ஹோல் மூடிகள். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போக, மூடி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும், நாலு விரல் ஆழத்தில் ஒரு வட்டக் குழி. மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பிகள் சில இடங்களில் சாலைக்கு நேர்க்கோட்டில் இருக்கும், மெல்லிய டயர் அழகாக உள்ளே இறங்கும். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு படி; சாய்வாக அதில் ஏறினால் முன்சக்கரம் மட்டும் ஏறும், நாம் ஏற மாட்டோம். இவ்வளவுக்கும் நடுவில் ராங் சைடில் வரும் பைக், பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கும் பஸ், தூங்கும் நாய், தண்ணீர் தேங்கியிருந்தால் அடியில் என்ன என்றே தெரியாத குட்டை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம், நிறுத்தி வைத்த காரின் கதவு. டீக்கடை முன்னால் வரிசையாகக் கார் நிற்கும். எதில் ஆள் இருக்கிறது, எவர் எப்போது திறப்பார் என்று தெரியாது. பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதித் தொகுப்பைத் திருத்தியபோது இதற்கு ஒரு சின்ன யோசனை சேர்த்தார்கள்: கதவுக்குத் தொலைவில் இருக்கும் கையால் திற. அவர்களுக்கும் நம்மைப் போல ஸ்டியரிங் வலப்பக்கம்தான். டிரைவர் வலக்கதவை இடது கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். காசு செலவில்லாத வித்தை. என் வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிட்டேன், அம்மா மட்டும் மறந்துவிடுவார்.

இதனால்தான் நான் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டுகிறேன். பின்னால் வருபவருக்கு இது திமிராகத் தெரிகிறது. காலி இடம் இருந்தும் வேண்டுமென்றே மறிக்கிறான் என்று அவருக்குத் தோன்றுகிறது. இடமே இல்லாமல் கொல்லப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு மீட்டர் அகலத் தரையைப் பற்றி இருவருக்கும் இரண்டு கருத்து, நின்று பேச யாருக்கும் நேரமில்லை.

வேறு சில நாடுகளில் இதை டிரைவரின் மனசாட்சிக்கு விடாமல் அளவு சொல்லியே எழுதி வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் விடவேண்டும். நம்மூரில் மீட்டர் கணக்குக் கேட்டு யாரையும் மடக்கி நான் பார்த்ததில்லை. அளவு இருந்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்தில் அப்போது உளவியலாளராக இருந்த இயன் வாக்கர், சைக்கிளில் உணர்கருவி பொருத்திக்கொண்டு, தன்னைத் தாண்டிய சுமார் 2,500 வண்டிகளின் இடைவெளியை அளந்தார். அவர் ஹெல்மெட் போட்டபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. நீள முடி விக் வைத்துக்கொண்டு பெண் மாதிரிப் போனபோது கூடுதல் இடம் விட்டன. ஆராய்ச்சியின் நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தும்விட்டன. அவருடைய கணக்கைப் பின்னால் சிலர் மறுத்தார்கள், அதனால் ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். நான் அதில் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: டிரைவர் இடைவெளியைத் தரையைப் பார்த்து முடிவு செய்வதில்லை, ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்.

இங்கேதான் அந்தக் காவலரின் கேள்வி வருகிறது. நம்மூரில் சைக்கிளுக்கு ஒரு சாதி இருக்கிறது. பைக் வாங்க முடியாதவன் வைத்திருப்பது என்று பொருள். இதே சைக்கிள்தான் 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்களை வீட்டு வாசலைத் தாண்ட வைத்தது. இதே சைக்கிளைத்தான் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் கொடுக்கிறது. ஆனால் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் செய்கிற முதல் காரியம் சைக்கிளை மொட்டைமாடிக்கு ஏற்றுவது.

என் சாலையில் இரண்டு வகை சைக்கிள்காரர்கள் போகிறோம். ஒன்று என்னைப் போல ஹெல்மெட், மினுக் மினுக் விளக்கு ஆசாமிகள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஈசிஆரில் கோவளம் பக்கம் கூட்டமாகப் போவது இந்த இனம். (அதில் மூன்று பேர் பக்கம் பக்கமாக அரட்டை அடித்துக்கொண்டு போகும்போது எனக்கே ஹாரன் அடிக்கத் தோன்றும்.) இன்னொன்று, கட்டட வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போகிறவர்கள். கேரியரில் தூக்குச்சட்டி, டைனமோவும் கிடையாது, பின்னால் சிவப்புப் பட்டையும் கிடையாது. ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் போதும், மண்ணில் இறங்கி நின்றுவிடுவார்கள். அவர்களை யாரும் திட்டுவதில்லை. அவர்கள்தான் விலகிவிடுகிறார்களே. சண்டை என்னைப் போன்றவனோடுதான் வருகிறது, ஏனென்றால் நான் இறங்கவில்லை. ஆனால் இரவு 10 மணிக்கு விளக்கில்லாத ரோட்டில் அடிபடுவது பெரும்பாலும் நான் இல்லை.

நம் ஆட்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிவப்பு விளக்கில் நைசாக நழுவுவது, யூ-டர்னுக்கு அலுத்துக்கொண்டு எதிர்த்திசையில் வருவது, காதில் இயர்போன் எல்லாம் உண்டு. இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த டிரைவர், பின்னால் வரும் உங்கள் மேல் சேர்த்து வட்டியோடு தீர்த்துக்கொள்கிறார்.

சரி, எப்படிச் சமாளிப்பது? துரத்திப்போய்க் கண்ணாடியைத் தட்டுவதை அந்த நாளோடு விட்டுவிட்டேன். 80 கிலோ எடையுள்ள ஆளும் சைக்கிளும் 20 கிலோமீட்டர் வேகத்தில்; ஒன்றரை டன் கார் 60-இல். இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால் அந்தப் பக்கம் சுமார் 170 மடங்கு. இந்தக் கணக்கோடு யாரும் வாக்குவாதத்துக்குப் போகக்கூடாது. ஹேண்டிலின் வலது நுனியில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டினேன், இத்தனை வருடத்தில் உருப்படியாகச் செய்த செலவு அதுதான். மெட்ரோ தடுப்புகளால் சாலை குறுகும் இடம் வருமுன்னே, பின்னால் பார்த்து, கையை நீட்டிக் காட்டி, நடுவுக்கு வந்துவிடுவேன். குறுகிய இடத்துக்குள் ஒட்டி நுழைந்தால் இடையில் புகுந்து தாண்டலாம் என்ற ஆசை டிரைவருக்கு வரும். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி, கையசைத்துப் போகச் சொல்வேன். அந்தக் கையசைப்புக்கு இருக்கும் மரியாதை ஆச்சரியமானது. பாதிப் பேர் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போகிறார்கள்.

காரில் இருக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் கணக்கு ஒன்று: 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 200 மீட்டர் போக 40 வினாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 18 வினாடி. ஆக மொத்தம் 22 வினாடி நஷ்டம். துரைப்பாக்கம் சிக்னல் ஒரு தடவை விழுந்தால் அதை விடப் பல மடங்கு போகும்.

இடித்தே விட்டால், சண்டையை விட வண்டி எண் முக்கியம். காயம் பட்டவருக்கு உதவுவது இடித்தவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே சொல்கிறது. 108-க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று பலர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக சைக்கிள்காரருக்கும் உரிமை உண்டு. இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கேட்கலாம். தூக்குச்சட்டிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

கடைசியாக, என் கணக்கில் இருக்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். போன வருடம் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை, 8 மணிக்குள் போகவேண்டும், கிளம்பும்போதே தாமதம். மேடவாக்கம் பக்கம் ஒரு வளைவில், முன்னால் ஒரு பெரியவர், காக்கி பேன்ட், பழைய சைக்கிள், சாலையின் உள்ளே தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். நான் அடித்தேன், ஹாரன். ஒரு தடவை இல்லை, கையை எடுக்காமல் அழுத்தினேன். என் வாயில் வந்த வார்த்தை என்ன என்று நீங்களே யூகித்திருப்பீர்கள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே இடப்பக்கம் திருப்பினார். அங்கே ஜல்லி. கண்ணாடியில் பார்த்தேன்: சைக்கிள் சாய்ந்து கிடந்தது, அவர் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார், தூக்குச்சட்டி உருண்டு சாலைக்கு வந்து மூடி தனியாகக் கிடந்தது. பின்னால் வந்த வேன் அதைச் சுற்றிப் போனது. நிறுத்தியிருக்கலாம். அம்மா, "விழுந்துட்டாரா?" என்று கேட்டார். "இல்லம்மா, இறங்கி நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன்.

அந்த வளைவில் ஜல்லி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. நேற்றுக் காலை சைக்கிளில் போகும்போது அதைச் சுற்றிப் போகக் கொஞ்சம் வலப்பக்கம் வந்தேன். பின்னால் ஹாரன்.