அந்த டி-ஷர்ட்டைப் போடலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு பெரிய கடையின் தள்ளுபடியில் மகளுக்கு மூன்று டி-ஷர்ட் வாங்கினேன். மூன்றும் சேர்த்து 499 ரூபாய். அவள் தொடவே இல்லை. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். "இவ்வளவு மலிவா தர்றாங்கன்னா யாரோ ஒருத்தி வயித்துல அடிச்சிருக்காங்கம்மா" என்கிறாள். நூல் மில் விடுதிகளில் அடைபட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள். என் கணவரோ, "நாம வாங்காம விட்டா அந்தப் பொண்ணுங்களுக்கு இருக்கிற வேலையும் போயிடும்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. நீங்கள் திண்டுக்கல் பக்கத்துக்காரர். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதுகிறேன். விலை கூடின பிராண்டாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பாவத்திலிருந்து தப்பிக்கலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுத முடியவில்லை. நீங்கள் கேட்டிருப்பது எங்கள் தெருவைப் பற்றி.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு எழுதி முடித்த கோடையில் மில் புரோக்கர் வந்தார். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக 40,000 ரூபாய், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மில்களில் அப்போது அது சர்வ சாதாரணம். போனாள். சைடு பார்க்கிற வேலை. ஓடிக்கொண்டிருக்கும் நூற்பு மெஷினின் (ஃபிரேம்) ஓரமாகவே நடந்து, எங்கே நூல் அறுகிறதோ அங்கே விரலால் திரித்து ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரம், ஆள் வராத நாளில் பன்னிரண்டு மணி நேரம்.

பொங்கலுக்கு வந்தவளை என் அம்மா திண்ணையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டது நினைவிருக்கிறது. சீவச் சீவ மயிர்க்கால்களிலிருந்து பஞ்சு வந்துகொண்டே இருந்தது. சீப்பை மூன்று முறை துடைத்தார் அம்மா. அவள் வலது ஆள்காட்டி விரலின் தோல் தடித்து, நடுவில் வெடித்திருந்தது. அத்தனை பேரும் பக்கத்தில்தான் இருந்தோம், ஆனால் அவள் கத்தித்தான் பேசினாள். மெஷின் சத்தத்தில் அப்படிப் பேசியே பழகிவிட்டிருக்கிறது.

இரண்டே முக்கால் வருஷத்தில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தாள். மூன்று வருஷம் முடியவில்லை, அதனால் மொத்தப் பணம் கிடையாது என்றார்கள். அவள் அப்பா மூன்று முறை மில் வாசலுக்குப் போனார். வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே விடவில்லை.

அந்த நூல் எங்கே போயிருக்கும்? திருப்பூரில் பனியன் துணியாகி, சாயமேறி, வெட்டித் தைத்து, ஏதோ ஒரு கடையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எந்தக் கடை என்று அவளுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இதனால்தான் விலையைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்கிறேன். திருப்பூரில் பவர் டேபிள் என்கிற ஒரே தையல் மெஷின் வரிசையில் காலையில் ஒரு லேபிள், மதியம் இன்னொரு லேபிள் ஓடும். தைக்கிறவருக்கு இரண்டுக்கும் ஒரு பீஸுக்கு அதே கூலி. கடையில் ஒன்று 170 ரூபாய்க்கும் மற்றது 1,700 ரூபாய்க்கும் போகலாம். நடுவிலுள்ள பணம் விளம்பரத்துக்கும் வாடகைக்கும் லாபத்துக்கும் போகிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ரூபாய் அந்த விரலுக்குப் போய்ச் சேர வழியே வைக்கப்படவில்லை.

தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்ற சான்றிதழ் பார்த்து வாங்கலாமா என்று அடுத்துத் தோன்றும். சான்று கொடுக்கிறவர்கள் சோதிக்க வரும் ஆடிட் நாள் எப்படி இருக்கும் என்று வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு மட்டும் மாஸ்க் வரும், முதலுதவிப் பெட்டியின் பூட்டுத் திறக்கும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். கராச்சியில் 2012 செப்டம்பரில் ஓர் ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்.ஏ.8000 என்ற, தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்று வாங்கியிருந்தது. தீயை வைத்தது பணம் கேட்டு மிரட்டிய கும்பல் என்று பின்னால் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அத்தனை பேர் வெளியே வர முடியாமல் போனது கம்பி போட்ட ஜன்னல்களாலும் பூட்டிய கதவுகளாலும். சான்று கொடுக்க வந்தவர்கள் கண்ணில் அவை படவில்லை.

சரி, உங்கள் மகள் சொல்வதற்கு வருகிறேன். அவளுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அது ஆறிவிடக் கூடாது. ஆனால் வாங்காமல் விடுவதால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. குழந்தைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டில் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டு வந்தார். அது நிறைவேறக்கூட இல்லை. பயந்துபோன வங்கதேச ஆலைகள் சுமார் 50,000 குழந்தைகளை ஒரே மூச்சில் வெளியே அனுப்பின. பிறகு யுனிசெஃப் போய்ப் பார்த்தபோது அவர்களில் பலர் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் மோசமான இடங்களிலும் இருந்தார்கள். 1995இல்தான் ஆலை முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கையெழுத்துப் போட்டு, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் மாத உதவித்தொகையும் ஏற்பாடு செய்தன. முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

அப்படியானால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரியா? அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ராணா பிளாசாதான் ஞாபகம் வருகிறது. டாக்கா அருகே சவாரில் எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. கடைகளையும் மூடிவிட்டார்கள். மேல் மாடிகளில் தைக்கிற பெண்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லை, வேலை இல்லை. போனார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் செத்தார்கள். அந்தக் காலையில் படியேற வைத்தது, உங்கள் கணவர் சொல்கிற அதே பயம்தான். வேலை போய்விடக் கூடாது என்பது உண்மை. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டால், அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்ய வைக்கிறவர்கள் பக்கம் நாம் நின்றுவிடுகிறோம்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு ஒன்று மாறியது. அதுவரை கம்பெனிகள் தாங்களாக எழுதிக்கொண்ட நல்ல நடத்தை விதிகள்தான் இருந்தன. 2013 மே மாதம், வங்கதேச ஆலைகளின் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது. 200க்கும் மேற்பட்ட கம்பெனிகள் கையெழுத்திட்டன. மீறினால் வழக்குப் போடலாம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பல மாதமாக அவரைத் தொந்தரவு செய்துவந்த மேற்பார்வையாளர்தான் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அப்போது என்ன கேட்டது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஆர்டரை நிறுத்திவிட்டுப் போ என்று பிராண்டுகளிடம் அவர்கள் கேட்கவில்லை. இங்கேயே இரு, எங்களோடு கையெழுத்துப் போடு என்றார்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. சங்கத்தோடு ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் என்ற ஆடைக் கம்பெனியும் கையெழுத்திட்டன, பிறகு கேப், பி.வி.எச். ஆகிய ஆடைக் கம்பெனிகளும் சேர்ந்தன. 25 பேருக்கு ஒரு தொழிலாளி வீதம், வேலை நடக்கும் இடத்திலேயே கண்காணிக்கவும் புகார் எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அந்த ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது. ஒப்பந்தத்தால் நிலைமை மாறியிருப்பதைக் காட்டியதும் செப்டம்பரில் தடை நீங்கியது. ஒப்பந்தம் இல்லாமல் தடை மட்டும் வந்திருந்தால் அந்தப் பெண்கள் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எனவே, எஸ்., அந்த டி-ஷர்ட்டை மகள் போடட்டும். கிழியும்வரை போடட்டும். போடாமல் அலமாரியில் வைப்பதால் நூற்றவளுக்கோ தைத்தவளுக்கோ ஒன்றும் வரப்போவதில்லை. தள்ளுபடி என்பதற்காகத் தேவையில்லாமல் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முக்கியம்தான். வாரத்துக்கு ஒரு புது டிசைன் வேண்டும் என்கிற கடையின் அவசரம், கடைசியில் நைட் ஷிப்டாகத் தையல்காரர் தலையில்தான் விடிகிறது.

அப்புறம், கேளுங்கள். வாங்குகிறவர் கேட்பதால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். 2020இல் கொரோனா வந்தவுடன் பெரிய பிராண்டுகள், தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மாட்டோம் என்றன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் நின்றன. பணத்தைக் கொடு என்று வாடிக்கையாளர்களும் சங்கங்களும் விடாமல் கேட்டார்கள். பல கம்பெனிகள் இறங்கிவந்து கொடுத்தன. கடைகளையும் கவனியுங்கள். புடவை எடுத்துப் போடும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அடுத்த முறை போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள், அவருக்குத்தான் பிரச்சினை. மேனேஜரிடம் கேளுங்கள்.

டி-ஷர்ட் லேபிளில் கம்பெனி பெயரும் வாடிக்கையாளர் சேவை முகவரியும் இருக்கும். மகளை எழுதச் சொல்லுங்கள். இந்த நூல் எந்த மில்லில் நூற்றது, இந்தத் துணி எங்கே தைத்தது, அங்கே சங்கம் உண்டா, அந்தச் சங்கத்தோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உண்டா? 'நாங்கள் தொழிலாளர் நலனை மதிக்கிறோம்' என்று பொதுவாக ஒரு பதில் வரும். அதற்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தை எதிர் வீட்டுப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், பக்கத்து ஊரில் ஒரு யூனிட்டில், தைத்து முடித்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறாள். என் கேள்விகளைக் கேட்டுவிட்டு, இன்னொன்றும் சேர்க்கச் சொன்னாள்: "சூப்பர்வைசர் மேல புகார் சொன்ன பொண்ணை மறுநாள் வேலைக்கு விடுவாங்களான்னு கேட்கச் சொல்லுங்கக்கா."

அதையும் எழுதச் சொல்லுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அக்கா