புது கேமிங் லேப்டாப்பில் கேம் பத்து நிமிடத்தில் வேகம் குறைவது ஏன்?

இதற்குத் தெர்மல் த்ராட்லிங் என்று பெயர். சூடு எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதுதான் அது. பல லேப்டாப் பிராசசர்களில் அந்த எல்லை 95 முதல் 105 டிகிரி செல்சியஸ்.

சிப் இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. மெல்லிய உடம்பு, சின்ன விசிறிகள்; சூட்டை அவ்வளவு வேகமாக வெளியேற்ற முடியாது. பால் பொங்கி வரும்போது அடுப்பை அணைக்காமல் தணிக்கிறோம் இல்லையா, அதே வேலைதான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மின்னழுத்தமும் குறையும், அதனால் சூடு நன்றாகவே இறங்கும்.

வாங்கிய அன்றே சோதித்து ஏமாறாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டுகளும் கிராபிக்ஸ் டிரைவரும் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) நிறுவி முடியட்டும்; பின்னணியில் அவை ஓடும்போது எந்த அளவீடும் பொய்தான். அப்புறம் சார்ஜரைச் செருகுங்கள், ஏனென்றால் பேட்டரியால் மட்டும் அவ்வளவு வாட் தர முடியாது. மெத்தைமேல் வைக்காமல் மேசையில் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, நீங்கள் நிஜமாக விளையாடும் கேமையே அரை மணி நேரம் ஓட்டுங்கள். முதல் ஐந்து நிமிட வேகத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. கடைசிப் பத்து நிமிடம் எப்படி ஓடுகிறது என்பதுதான் உங்கள் லேப்டாப்பின் உண்மையான வேகம்.

90 டிகிரியைப் பார்த்ததும் பழுது என்று பலர் பதறுகிறார்கள். கேம் ஓடும்போது அது சாதாரணம், சும்மா இருக்கும்போதும் அதே சூடு இருந்தால்தான் கடைக்குப் போக வேண்டும்.